ஒரு வரி கூடியதும் பாட்டு முழுக்க நழுவியது

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டிமாரின் தாலாட்டு, கும்மி, ஒப்பாரிப் பாட்டுகளை ஈபப் 3 என்ற மின்னூல் வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு மென்பொருள் எழுதினேன். குரல் ஓட ஓட, பாடும் வரி திரையில் ஒளிர வேண்டும். ஒலிப்பதிவு சுலபமாக முடிந்தது. வதைத்தது எழுத்துதான்.

பாட்டு வரிகளை முன்பே தட்டச்சு செய்திருந்த அச்சகம் கொழும்பில். ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போனேன். "எல்லாம் இதுல இருக்கு தம்பி" என்று பென்டிரைவைத் தந்தார்கள். வீட்டில் திறந்தால் வெறும் பிடிஎஃப், தட்டச்சு செய்த மூலக்கோப்பு இல்லை. ஒரு நாளும் பஸ் காசும் வீண். தயவுசெய்து அங்கேயே திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் தடவை மூலக்கோப்பு கிடைத்தது. ஆனால் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் பழைய முறை. அதில் 'தமிழ்' என்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றினேன். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, தேடலில் மட்டும் 'கொழுந்து' அகப்படவில்லை. இரண்டு இரவு தூக்கம் போன பிறகுதான் பிடிபட்டது: என் மாற்றி 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகப் போட்டிருந்தது, தேடுபவரின் விசைப்பலகையோ ஒரே குறியாகத் தரும். யூனிகோடுக்கு மாற்றியதும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பெரிய அடி அப்புறம் விழுந்தது. எத்தனையாவது வரி என்ற எண்ணையே ஒலி நேரத்தோடு கட்டியிருந்தேன். ஒரு பாட்டி கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு வரிய விட்டுட்டியே ராசா" என்றார். உண்மைதான், பதிவில் இருந்தது, தட்டச்சில் இல்லை. சேர்த்தேன். அதற்குக் கீழே எல்லா வரியும் ஒன்று தள்ளி ஒளிர்ந்தது! நாற்பது பாட்டையும் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் இடம் மாறினாலும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்தேன். நேரக்கணக்கு தனிக் கோப்பு, அலங்காரம் தனிக் கோப்பு. முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

கடைசியில், ஈபப் கோப்பைச் சோதிக்கும் ஈபப்செக் என்ற கருவி ஒரு பிழை காட்டியது. ஈபப் ஒரு ஜிப் கோப்புதான், ஆனால் 'மைம்டைப்' என்ற சிறு கோப்பு சுருக்கப்படாமல் முதலாவதாக இருக்க வேண்டும். வலது கிளிக்கில் ஜிப் செய்தால் அது அமையாது.

போன ஞாயிறு அதே பாட்டி இன்னொரு விடுபட்ட வரியைச் சொன்னார். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே சேர்த்தேன். அந்த வரிக்கு மட்டும் நேரம் குறித்தேன், மற்ற எதுவும் அசையவில்லை.