உப்பு வணிகனைத் தேடிப் போன பொருளியல் மாணவர்கள்

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் விடுதிச் சாப்பாடு, தமுக்கம் பொருட்காட்சி, ஆற்றில் அழகர் இறங்கிய இரவுகள் என்று நண்பர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொடுத்தார்கள். எல்லாமே எனக்கும் இனிக்கிற நினைவுகள்தான். ஆனால் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் என்னை ஆளாக்கியது வகுப்பறை. நாம் கூடும் இடங்களில் அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

1881இல் தொடங்கிய கல்லூரி அது. தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் ஒன்றாக 1978இல் ஆனது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் இளங்கலைப் பொருளியலில் சேர்ந்தேன். பட்டம் தருவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பாடத்திட்டமும் வினாத்தாளும் எங்கள் ஆசிரியர்கள் கையில். வேறு ஊரில் படித்த என் சித்தப்பா மகன், பரீட்சை நெருங்கினால் பழைய வினாத்தாள்களைப் பரப்பிவைத்து எந்தக் கேள்வி வரும் என்று கணக்குப் போடுவான். அவன் விடைத்தாளைத் திருத்துபவர் அவன் முகத்தைப் பார்த்திராதவர். எங்களுக்குப் பாடம் நடத்தியவரே கேள்வியும் கேட்டார், விடையையும் படித்தார். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பி எழுதினால், “இது நான் சொன்னது. நீ என்ன நினைக்கிறாய்?” என்று ஓரத்தில் எழுதிக் கொடுப்பார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்தவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆங்கிலம் மெல்ல வந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியிலிருந்து ஷான்சி என்னும் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வழியாக வரும் இளைஞர்கள் மாலையில் எங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களுக்கு எங்களைவிட வயது அதிகம் கூட இல்லை.

என் படிப்பின் உச்சம் என்று நான் எண்ணுவது கிடாரிப்பட்டிப் பயணத்தை. எல்லாத் துறையினருக்கும் தமிழ் உண்டு என்பதால் தமிழ் ஐயாவின் வகுப்பில் இயற்பியல், தாவரவியல், பொருளியல் எல்லாம் கலந்திருக்கும். ஒரு சனிக்கிழமை எங்களை அழகர்மலைத் தொடரில் உள்ள கிடாரிப்பட்டிக் குகைக்கு அழைத்துப் போனார். ஏறும் வழியெல்லாம் தாவரவியல் நண்பன் மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். மேலே, சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். அவற்றுக்காகக் கொடையளித்தவர்களின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. ஐயா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்: உப்பு வணிகன், கலப்பைக் கொழு விற்கும் கொழு வணிகன், துணி விற்கும் அறுவை வணிகன், மதுரைப் பொன்கொல்லன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மதுரைக் கடைத்தெரு அப்படியே அந்தப் பாறையில் இருந்தது. படித்து முடித்துவிட்டுப் பொருளியல் மாணவர்கள் பக்கம் திரும்பினார். “உப்பு விற்றவன் துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்திருக்கிறான் என்றால் அவன் கையில் எவ்வளவு உபரி இருந்திருக்கும்? உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள்.”

கேட்டோம். எங்கள் பேராசிரியர் அதைத் தமிழ்த்துறைச் சமாச்சாரம் என்று ஒதுக்கவில்லை. அந்தப் பருவத்துக் கட்டுரைக்கு என்னைக் கீழமாசி வீதிக்கு அனுப்பினார். இன்றைய உப்பு வணிகன் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்த்து வரச் சொன்னார். வைகை மேல் உள்ள ஏ.வி. பாலத்தைக் கடந்து மளிகை மொத்தக் கடைகளுக்கு நடப்பேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே பேரேடுகளைப் பார்த்தேன். கிராமத்துக் கடைக்காரர் பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் புதுச் சரக்கு எடுப்பார். பாக்கி முழுதாகத் தீர்வதே இல்லை. ஏன் என்று கேட்டேன். “தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுவாரே தம்பி” என்றார் ஒரு முதலாளி. கடன் என்றால் வட்டி என்று மட்டுமே பாடநூலில் படித்திருந்த எனக்கு, அது வாடிக்கையைக் கட்டிவைக்கும் கயிறாகவும் இருக்கிறது என்று அந்தக் கல்லாவின் முன்னால் புரிந்தது. பிற்காலத்தில் வங்கியில் சிறுகடன் பிரிவில் வேலை பார்த்தபோது எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

அந்தக் கட்டுரையை எழுதியது டேனியல் பூவர் நூலகத்தில். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியை நடத்திவிட்டு 1830களில் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரி பூவர். இங்கே டொராண்டோவில், அந்தச் செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்த பெரியவர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டதும், “எங்கட ஆள் அல்லவா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் உறவினர்கள்போல.

சங்க நிதியைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிடாரிப்பட்டிக்கும் மாங்குளத்துக்கும் கீழடிக்கும் எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து போகப் பேருந்துச் செலவு, களஆய்வுக் கட்டுரை எழுதும் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் செலவு, நூலகத்துக்குப் புத்தகம் என்று அந்தப் பணம் போகட்டும். வரும் பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிகிறேன். வழிமொழிய முன்வருகிறவர்கள் முன்கூட்டியே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.