முந்தி வரும் விளைபொருளும் நிலைத்து நிற்கும் விளைபொருளும்

ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று, நான்கு கார்பன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட 1,3-பியூட்டாடையீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையை எடுத்தேன். −80 டிகிரி செல்சியஸில் 1,2-சேர்க்கைப் பொருள் (ஹைட்ரஜனும் புரோமினும் அடுத்தடுத்த கார்பன்களில்) சுமார் 80 சதவீதமும் 1,4-சேர்க்கைப் பொருள் (அவை சங்கிலியின் இரு முனைகளில்) சுமார் 20 சதவீதமும் கிடைக்கின்றன. 40 டிகிரியில் இந்த விகிதம் அப்படியே தலைகீழாகிறது. "குளிரில் வேகவியல் கட்டுப்பாடு, சூட்டில் வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடு" என்று, அதாவது குளிரில் விரைவாக உண்டாவது மிகும், சூட்டில் நிலைப்பு மிக்கது மிகும் என்று, எல்லோரும் ஒரே வரியாகக் குறித்துக்கொண்டார்கள். (ஒருவர் மட்டும் 'வேகக் கட்டுப்பாடு' என்று எழுதியிருந்தார், நெடுஞ்சாலைப் பலகைதான் நினைவுக்கு வந்தது.) அந்த வரி தேர்வுக்குப் போதும். ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "மேடம், குளிரில் கிடைத்த கலவையைப் பிறகு சூடாக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அந்தக் கேள்வியிலிருந்தே இன்று தொடங்கினேன். குளிரில் உண்டான கலவையை, ஹைட்ரஜன் புரோமைடை அகற்றாமல், 40 டிகிரிக்குக் கொண்டுசென்றால், 1,2-பொருளிலிருந்து புரோமைடு மீண்டும் விலகி, அல்லைல் நேரயனி (நேர்மின்சுமை இரு கார்பன்களில் பகிர்ந்திருக்கும் இடைநிலை அயனி) உருவாகி, இம்முறை சங்கிலியின் மறுமுனையில் புரோமைடு ஒட்டிக்கொள்ள, விகிதம் மெல்ல 20-க்கு 80 என்று வந்து நிற்கும். இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் நடுவில் அமைவதால் 1,4-பொருளே நிலைப்பு மிக்கது. சூட்டில் கிடைத்த கலவையைக் குளிர வைத்தாலோ பழைய விகிதம் திரும்பாது. ஆகவே வெப்பநிலையைவிட, உண்டான பொருளால் நாம் காத்திருக்கும் நேரத்துக்குள் வந்த வழியே திரும்ப முடிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திரும்ப முடியாவிட்டால் வேகமே விகிதத்தைத் தீர்மானிக்கிறது. முடிந்தால் ஆற்றல் வேறுபாடு தீர்மானிக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

1,2-பொருள் ஏன் முந்துகிறது என்பதற்கு, நேரயனியின் இரண்டாம் கார்பனில் நேர்மின்சுமை அதிகம் என்ற விளக்கத்தையே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். நார்ட்லேண்டர் குழுவினர் 1979-இல் வெளியிட்ட சோதனையை இன்று மறுபடியும் படித்தபோது அது போதாது என்று தோன்றியது. அவர்கள் ஐந்து கார்பன் கொண்ட 1,3-பென்டாடையீனுடன் டியூட்டீரியம் குளோரைடை (கன ஹைட்ரஜன் கொண்ட ஹைட்ரஜன் குளோரைடை) சேர்த்தார்கள். அங்கு உண்டாகும் நேரயனியின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு டியூட்டீரிய அணு மட்டுமே வேறுபாடு. மின்சுமை ஏறத்தாழச் சமம். இருந்தும் 1,2-பொருளே மிகுதியாகக் கிடைத்தது. டியூட்டீரியத்தைக் கொடுத்த குளோரைடு அயனி பக்கத்திலேயே நிற்பதால், அருகிலுள்ள கார்பனை முதலில் பற்றிக்கொள்கிறது. அடுத்த ஆண்டுக் குறிப்புகளில் இதைச் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று நாப்தலீன், அதாவது நம் வீட்டுப் பாச்சை உருண்டை. அடர் கந்தக அமிலத்துடன் 80 டிகிரியில் 1-சல்போனிக் அமிலமும், 160 டிகிரியில் 2-சல்போனிக் அமிலமும் முதன்மையாக வருகின்றன. ஒன்றாம் இடத்தில் தாக்கும்போது உண்டாகும் இடைநிலை அயனிக்கு, ஒரு பென்சீன் வளையம் குலையாத உடனிசைவு வடிவங்கள் (மின்சுமை பரவுவதைக் காட்டும் மாற்று அமைப்புகள்) இரண்டு. இரண்டாம் இடத்தில் ஒன்றே. அதனால் முன்னது விரைவு. ஆனால் அங்கு அமரும் பருத்த சல்போனிக் தொகுதி எட்டாம் கார்பனின் ஹைட்ரஜனோடு இடிபடுகிறது; ஆகவே நிலைப்பு மிக்கது 2-அமிலமே. 2-அமிலத்திலிருந்து 2-நாப்தால் என்ற சேர்மத்தைத் தயாரிக்கும்போது, 160 டிகிரிக்குப் பிறகும் எஞ்சும் 1-அமிலத்தை நீராவி செலுத்தி நீராற்பகுத்து, நாப்தலீனாகவே மீட்கிறார்கள்; அவசரமாக ஒட்டிய தொகுதி அதே எளிமையுடன் கழன்றுவிடுகிறது. கேள்வி கேட்ட மாணவி இதைக் கேட்டுவிட்டு, பியூட்டாடையீன் படத்துக்குப் பக்கத்தில் பின்னோக்கி ஓர் அம்புக்குறி வரைந்துகொண்டாள்.