செனான் வளைகோட்டில் காணாமல் போன பள்ளம்

போன ஞாயிறு முழுக்க ஒரு பள்ளத்தைத் தேடியே கழிந்தது. கரும்பொருள் (டார்க் மேட்டர்) துகள் செனான் அணுக்கருவில் மோதினால் கரு எவ்வளவு ஆற்றலோடு பின்னுதைக்கும், எந்த ஆற்றலில் எத்தனை மோதல் நிகழும் என்று பைத்தான் நிரலில் வளைகோடாக வரைந்துகொண்டிருக்கிறேன். துகளின் நிறை 50 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். கரு ஒரு புள்ளி அல்ல, அதற்கு அளவு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கும் ஹெல்ம் வடிவக் காரணியைப் போட்டால், 95 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் வளைகோடு சுழியைத் தொட்டுவிட்டு மறுபடி எழ வேண்டும். என் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைக் காணோம்.

துகளின் நிறையை மாற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வடிவக் காரணியும் கூடவே மாறியது! அது கருவின் அளவைச் சார்ந்த கணக்கு. வந்து மோதுவது கனமா லேசா என்பது அதற்குத் தேவையே இல்லை. உந்தம் கணக்கிடும் வரியில் கருவின் நிறைக்குப் பதிலாகக் குறைக்கப்பட்ட நிறையை (கரு, துகள் இரண்டின் நிறையையும் சேர்த்துக் கணக்கிடுவது) போட்டிருந்தேன். திருத்தியதும் பள்ளம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம் முக்கியமான வேலை. கருவின் தற்சுழற்சியை (ஸ்பின்) சாராத மோதல், சார்ந்த மோதல், உந்தத்தின் வர்க்கத்தோடு வளரும் மோதல் என்று மூன்றையும் ஒரே படத்தில் வரைந்தேன். மூன்றாவது தனியாகத் தெரிந்தது: சுழியில் தொடங்கி, 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது. ஆனால் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே கருவிக்குத் தெரியாது என்று வெட்டி, வெறும் 20 நிகழ்வுகளை எடுத்தால் அந்த அடையாளமும் மங்கிவிடுகிறது. முதல் இரண்டுமோ தொடக்கம் முதலே ஒன்றுபோலச் சரிகின்றன. செனானை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரித்துக் காட்டுவது வேறு தனிமங்கள்தான். ஆர்கான்-40 கருவுக்குத் தற்சுழற்சி கிடையாது. தற்சுழற்சியைச் சார்ந்த மோதல் என்றால் அங்கே எதுவும் பதிவாகாது. சாராத மோதலாக இருந்தால் நிறை எண்ணின் (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) வர்க்கம் பேசும்: செனானுக்கு 131-இன் வர்க்கம் 17,161, ஆர்கானுக்கு 1,600, ஃபுளோரினுக்கு வெறும் 361. ஆனால் ஃபுளோரின்-19 கருவில் இணை சேராத புரோட்டான் ஒன்று உண்டு; அதனால் அந்தக் கருவுக்குத் தற்சுழற்சி இருக்கிறது. அதனால்தான் கனடாவின் ஸ்னோலேப் என்ற நிலத்தடி ஆய்வகத்தில் பிகோ குழுவினர் ஃபுளோரின் கலந்த திரவத்தைக் குமிழி அறையில் வைத்துத் தேடுகிறார்கள். அந்த அறை ஒவ்வொரு மோதலின் ஆற்றலையும் அளப்பதில்லை. வரம்பைத் தாண்டினால் ஒரு குமிழி, அவ்வளவுதான். வளைகோடே இல்லாத அந்த வெறும் எண்ணிக்கை, செனான் வளைகோட்டால் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறது. இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அடுத்து செனானை ஐசோடோப்பு வாரியாகப் பிரிக்கப் போகிறேன். இயற்கையில் கிடைக்கும் செனானில் 129, 131 இரண்டில் மட்டும்தான் இணை சேராத நியூட்ரான் இருக்கிறது. இப்போதைக்கு எல்லாவற்றையும் ஒரே கருவாக வைத்திருக்கிறேன்.