கண்டறிதல் எல்லையைத் தேடி இரண்டு பயணங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று, இடப்படும் யூரியாவின் அளவோடு எவ்வாறு மாறுகிறது என்பதை நேர்கோட்டுப் பிற்செலவால் (தரவுகளுக்கு ஒரு கோட்டைப் பொருத்தி) மதிப்பிடுவதே என் முதுமாணி ஆய்வு. நீர் மாதிரி சேகரிப்பில் சிரமம் இருக்கவில்லை. ஆய்வுகூட அறிக்கையிலோ சில கிணறுகளுக்கு நேரே "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் இருந்தது. எந்த அளவுக்குக் கீழ், அதாவது கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவான கண்டறிதல் எல்லை எது என்பது எங்கும் இல்லை.

கோட்டுக்கு நைத்திரேற்றின் மடக்கையையே (log) எடுத்தேன். அந்த வரிகளைப் பூச்சியமாகக் கொண்டால், பூச்சியத்துக்கு மடக்கை இல்லை என்பதால் அவற்றை நீக்கினேன். அதுவே முதற் பிழை. குறைவாக உரமிட்ட தோட்டங்களின் கிணறுகளே பெரும்பாலும் உதிர்ந்துபோக, கோட்டின் படித்திறன் (சாய்வு) குறைந்தது. எல்லையின் பாதியை இட்டு நிரப்பும்படி நண்பர் சொன்னார். எல்லையே தெரியாதபோது எதன் பாதியை இடுவது?

கேட்கப் போன முதல் நாள், பொறுப்பானவர் விடுப்பில் என்று முகப்பில் இருந்தவர் தலை நிமிராமலே சொல்லி அனுப்பினார். இரண்டாம் முறை மாதிரி இலக்கங்களை எழுதிக்கொண்டு போனேன். உதவியாளர் ஒருவர் பழைய பதிவேட்டைப் புரட்டி, மாதிரிகள் இரு தொகுதிகளாகச் சோதிக்கப்பட்டதையும் ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறாக இருந்ததையும் காட்டினார். மாதிரியை ஒப்படைக்கும் நாளிலேயே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958இல் முன்வைத்த, டோபிட் எனப்படும் முறையில், எல்லைக்குக் கீழான கிணறு "இதற்குக் கீழ் எங்கோ" என்ற நிகழ்தகவாகக் கணக்கில் சேர்கிறது. ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளின் சர்வ்ரெக் (survreg) கட்டளை ஒவ்வொரு வரிக்கும் தனி எல்லையை ஏற்கும். ஆனால் பரம்பலைக் குறிப்பிடாவிட்டால் அது வைபுல் பரம்பலை எடுத்துக்கொள்ளும். மடக்கைப் பெறுமானங்களுக்குச் செவ்வன் பரம்பலை நாமே கேட்க வேண்டும். இதில் ஒரு வாரம் போயிற்று.

யூரியாவின் அளவோ விவசாயிகளின் நினைவிலிருந்து வந்தது. அந்தப் பிழையும் படித்திறனைக் குறைக்கும்: நம்பகத்தன்மை விகிதம் (பதிவான அளவுகளின் மாறற்றிறனில், அதாவது சிதறலில், உண்மையான வேறுபாட்டின் பங்கு) 0.6 என்றால், உண்மையில் 1 ஆன படித்திறன் 0.6 ஆகவே தெரியும். ஆகவே சிலரிடம் மறுபடியும் கேட்டேன். இரு விடைகளின் வித்தியாசத்தின் மாறற்றிறனில் பாதியே பிழையின் மாறற்றிறன். உரும்பிராயில் ஒருவர், "போன முறை அரை அந்தர் எண்டனான், அதையே எழுதும் தம்பி" என்றார். இவ்வாறு முன் விடையையே திருப்பிச் சொன்னால் பிழை உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும் என்பதால், அவருடையதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டோபிட் படித்திறனை அந்த விகிதத்தால் வகுத்து, டோபிட், வகுத்தல் ஆகிய இரு படிகளையும் சேர்த்தே மீள்மாதிரி எடுத்து (தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து) நம்பிக்கை ஆயிடையை, அதாவது படித்திறன் இருக்கக்கூடிய வீச்சைக் கணித்தேன். படித்திறன் ஏறியது, ஆயிடையும் அகன்றது. அகன்றதையே ஆய்வறிக்கையில் எழுதினேன்.