மன்னார்குடிப் பட்டறைக் குறிப்பு: கூலண்ட் எங்கே போகிறது?

பிப்ரவரி 3, செவ்வாய்

நாகப்பட்டினம் பக்கத்து வண்டி, 4 சிலிண்டர் பெட்ரோல். ஓடும்போது வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்புக்கு ஏறுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வாரம் ஒரு லிட்டர் குறைகிறதாம், கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவத்துக்குப் பதில் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள்.

நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்பட வேண்டும்: ஃபேன், ரிலே, பியூஸ், அடைத்த ரேடியேட்டர். ஓட ஓடச் சூடேறினால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், உள்ளடைப்பு. தண்ணீர் குறைவு இரண்டிலும் சேரும்.

இன்று ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. சூடான எஞ்சினில் 100 டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடி திறந்த நொடியில் அது ஆவியாகிச் சீறும், முகம் வெந்துவிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதுவரை, குறைந்தது முக்கால் மணி நேரம், காத்திருப்பதே நல்லது.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரம் கட்ட வேண்டும். பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரை மொண்டு எஞ்சின் மேல் ஊற்றவே கூடாது, அலுமினிய ஹெட் விரிசல் விடும். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தாலும் சூடு தணிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். சென்சாரைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் முள் விழும். எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

பிப்ரவரி 4, புதன்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஒழுகலைத் தேடினோம். சூட்டில் சொட்டு காய்ந்துவிடும், கறை மட்டும் மிஞ்சும்.

ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 0.9 பார் அழுத்தம் ஏற்றினோம். அந்த அளவு மூடியிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. 15 நிமிடத்தில் 0.6க்கு இறங்கியது. ஒழுகல் இரண்டு இடத்தில். ஒன்று, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடிந்து சேரும் இடத்தில் உப்புப் பூத்த வெள்ளைப் படிவு. இன்னொன்று, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து செம்பழுப்புக் கோடு. அந்தத் துளை வேண்டுமென்றே விட்டது. உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்பதற்காக. அதை அடைப்பவர்கள் பம்பையே கொல்கிறார்கள்.

மூடியையும் சோதித்தோம், 0.5 பாரிலேயே விட்டுக்கொடுக்கிறது. வெறும் தண்ணீர் 0.9 பாரில் சுமார் 118 டிகிரியில் கொதிக்கும், 0.5 பாரில் 111. ஒரு சின்ன ஸ்பிரிங் தளர்ந்ததில் ஏழு டிகிரி போயிற்று.

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு): எண்ணெய் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் இல்லை, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வரவில்லை, வெள்ளைப் புகை இல்லை. தப்பித்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ரேடியேட்டரை இறக்கியதும் காரணம் தெரிந்தது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு கைப்பிடி பதரும் வைக்கோல் துணுக்கும். சம்பா அறுவடையில் சாலையிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன் மேல் ஓடும் எந்த வண்டிக்கும் இது வரும். காற்று முன்னிருந்து பின்னே போவதால், சுத்தம் செய்யும்போது பின்னிருந்து முன்னே ஊத வேண்டும். அழுத்தம் குறைவாக, நேர்க்கோட்டில். சாய்த்துப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும்.

பழைய செம்பு ரேடியேட்டரில் ஈயம் வைத்து அடைக்கலாம். இதில் முடியாது. பசை பூசினாலும் சூட்டில் விரிந்து சுருங்கி நாலு நாளில் விடும். ஒழுகலை அடைக்கும் பொடி ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். புது ரேடியேட்டர், புது பம்ப், பெல்ட், மூடி. பம்ப் உட்காரும் முகத்தில் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினோம்.

பம்ப் இறக்கைகள் அரித்து ஓரம் தேய்ந்திருந்தன. கடலோர போர் தண்ணீரின் உப்பு வேலை. நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த இறக்கையைக் காட்டினால் போதும். துருத் தடுப்புக்குத்தான் கூலண்ட்.

பிப்ரவரி 6, வெள்ளி

தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கினோம். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கியது, அதில் பொறித்த எண்ணும் அதுவே. மாற்றவில்லை.

டிஸ்டில்டு வாட்டர் விட்டு நான்கு முறை கழுவிய பிறகே தெளிந்தது. அடுத்து பலர் தவறும் இடம். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், ஆனால் வடித்த பிறகும் பிளாக்கில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் தங்குகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை மேலே ஊற்றினால் கடைசியில் 35 சதவீதம்தான் தேறும். அதனால் கலக்காத கூலண்ட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். நிறம் பார்த்துக் கலக்க வேண்டாம். ஒரே பச்சையில் வேறுவேறு வகை வருகிறது, சேராதவை கூழாகத் திரியும்.

காற்று நீக்க முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) எஞ்சினை ஓட்டினோம். கீழ் ஹோஸ் சூடாகி, ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்று, குமிழ் அடங்கிய பின் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, மட்டம் நிரப்பி மூடினோம்.

பிப்ரவரி 9, திங்கள்

திருத்துறைப்பூண்டி போய்த் திரும்பியது. பட்டறையில் ஏசி போட்டு 20 நிமிடம் ஐடில்: முள் அசையவில்லை. ரிசர்வ் டேங்கில் 150 மில்லி குறைந்தது. மிஞ்சிய காற்று வெளியேறிய இடத்தை நிரப்பியது, ஒழுகல் இல்லை. மூன்று நாள் காலையில் குளிர்ந்த நிலையில் மட்டம் பார்த்து, அப்போதும் இறங்கினால் மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வடித்த பழைய கூலண்ட் கேனில், மூடி போட்டு, உயரத்தில். இனிப்பாக இருக்கும், நாயும் கன்றும் நக்கிவிடும், சிறுநீரகம் போய்விடும். வாய்க்காலில் கொட்டக் கூடாது.