வருஷக் கணக்கு

2025-க்கான வீட்டுக் கணக்கு நோட்டை நேற்று ராத்திரி விரித்து உட்கார்ந்தோம். மளிகை, பால், கேஸ் எல்லாம் எதிர்பார்த்ததுதான். இடித்தது கரன்ட் பில். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான மலிவு ரேட்டும் கையை விட்டுப் போய்விடும். மே மாத பில்லில் நாங்கள் 512. வெறும் 12 யூனிட்! அடுத்த தடவை தினம் மீட்டரை எட்டிப் பார்த்து 488-ல் நிறுத்தினேன்.

மீன் வாங்கக் காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவதையும் விட்டாச்சு. புதன்கிழமை அதே சங்கரா, பேரம் பேசவும் ஆள் காது கொடுக்கிறார்.

என் டீக்கடைச் செலவை வீட்டம்மா சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். சரி, அதை விடுங்கள். துணி வாங்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு மகளிர் இலவச பஸ்ஸில்தான் போகிறார், டிக்கெட் மிச்சம். திரும்பும்போது கையில் மூன்று பை. நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறார்.