கிளை நூலகத்தில் கதை நேரம்: புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. செயற்கை மரம், தரையில் உட்கார்ந்து படிக்க வசதி, விதவிதமான படப் புத்தகங்கள் என்று எல்லாம் உண்டு. ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருப்பது பெரும்பாலும் கிளை நூலகம். ஒரே கூடம், நடுவில் செய்தித்தாள் மேசை, ஓரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். அந்தக் கூடத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் கதை நேரம் நடத்துவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நிகழ்ச்சி உருப்படியாக நடந்ததா என்பதை இரவல் பதிவேடு சொல்லிவிடும். வந்த குழந்தைகளில் பாதிப் பேராவது கையில் புத்தகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். மாறுவேடப் போட்டிக்கும் வண்ணம் தீட்டும் போட்டிக்கும் கூட்டம் வரும், படமும் எடுக்கலாம். சாயங்காலம் அலமாரியைப் பார்த்தால் ஒரு புத்தகம்கூட நகர்ந்திருக்காது. பாதிப் படத்தை அம்மாவே தீட்டிக் கொடுத்திருப்பார் என்பது வேறு கதை.

ஒரு அமர்வுக்கு 12 முதல் 15 குழந்தைகள் போதும். நான்கு வயதுக் குழந்தையையும் பத்து வயதுக் குழந்தையையும் ஒன்றாக உட்கார வைத்தால் இருவருக்குமே சலிப்பு. 4-6, 7-9 என்று பிரித்து, சின்னவர்களுக்கு 20 நிமிடம், பெரியவர்களுக்கு 30 நிமிடம் வைக்கலாம். ஜமக்காளத்தை மின்விசிறிக்கு நேர் கீழே விரிக்காதீர்கள், பக்கம் தானாகப் புரளும். வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் படம் இருட்டாகத் தெரியும். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். புத்தகத்தின் முதுகை, அதாவது தாள்கள் சேரும் ஓரத்தை, அடியில் பிடித்து, குழந்தைகளின் கண் மட்டத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் இடமிருந்து வலமாக மெதுவாகக் காட்ட வேண்டும். சின்ன அளவுப் புத்தகமென்றால் எட்டுப் பேருக்கு மேல் படம் தெரியாது. அப்போது பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்திலிருந்து ஒரு தமிழ்க் கதையை இறக்கி, ஏ3 தாளில் அச்சிட்டு, சுருள் கம்பி போட்டுக்கொள்ளலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிடத் தடையில்லை.

புத்தகத் தேர்வில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பக்கத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது தமிழுக்கு அவ்வளவாக உதவாது. பக்கத்தில் உள்ள மிக நீளமான சொல்லைப் பாருங்கள். ‘ஓடிக்கொண்டிருந்ததால்’ என்று ஒரு சொல் வந்தால் போதும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை கடைசி எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். அடுத்த தடை ஒகர, ஓகாரக் குறிகள். ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வருகிறது, வேறுபாடோ ஒரு சின்னச் சுழியில். தொடக்க வாசகருக்கு வரிக்கு மூன்று நான்கு சொல், சந்தி சேராத சின்னச் சொற்கள் இருந்தால் நல்லது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வருவதால் அவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பவர் முந்தைய நாளே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ழகரம் எங்கே நழுவுகிறது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினால் ஆவல் கூடும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். சின்னவர்களுக்குப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாம். ஏழு வயதுக்கு மேல் அச்சில் உள்ளபடியே படியுங்கள், வரியை விரலால் தொடர்கிற குழந்தைக்குக் காதும் கண்ணும் ஒத்துப்போக வேண்டும். சென்னையில் தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தடுமாறும் ஆங்கில வழிப் பிள்ளைகள் நிறைய. அவர்களைக் கூட்டத்தில் எழுப்பிப் படிக்கச் சொல்வது கொடுமை, அடுத்த வாரம் வர மாட்டார்கள். ‘இந்தக் கதையோட நீதி என்ன?’ என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ‘இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டாலே போதும்.

கதை முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பாட்டு, விளையாட்டு, நன்றியுரை எதுவும் வேண்டாம். முப்பது நாற்பது புத்தகங்களை அட்டை தெரியும்படி பாயில் பரப்பி, எடுத்துப் புரட்ட விடுங்கள். வாசித்த புத்தகத்துக்கு அடிதடி நடக்கும், இரண்டாவது பிரதி இருந்தால் காப்பாற்றும். பெற்றோரில் பலர் உறுப்பினர் அட்டை எடுத்திருக்க மாட்டார்கள். விண்ணப்பப் படிவத்தையும் பேனாவையும் வாசலில் தயாராக வையுங்கள். ‘அடுத்த வாரம் போடலாம்’ என்றால் போட மாட்டார்கள்.

கிழிந்துவிடும் என்று பயந்து குழந்தைப் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. ஸ்டேப்ளர் பின் அடித்த 16 பக்கப் புத்தகத்துக்குப் பெயர் எழுதும் அளவுக்கு முதுகே கிடையாது, நிற்க வைத்தால் கண்ணில் படாது. பிளாஸ்டிக் கூடையில் முகம் முன்னால் தெரிய அடுக்குங்கள். கடற்கரை ஊரில் பின் சீக்கிரம் துருப்பிடித்து நடுப்பக்கத்தை அரிக்கும், அதனால் பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைப்பது நல்லது. மடிப்பில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று என மூன்று துளை. நூல் புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே, மேல் துளை வழியாக உள்ளே, அப்படியே கீழ் துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே. நீண்டு கிடக்கும் நூலின் இரு பக்கமும் இரு முனைகள் வந்து நிற்கும், அதன்மேல் முடிச்சுப் போட வேண்டும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகி எழுத்தை இழுத்துக்கொண்டு வரும். மெல்லிய தாளும் பசையும் போதும். பூச்சிக்கு அந்துருண்டை போடவே கூடாது, மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் வயது. மழைக்காலத்தில் கூடையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் வைத்தால் ஈரம் ஏறாது.

மார்ச்சில் பெரிய பிள்ளைகள் தேர்வென்று வர மாட்டார்கள், சின்னவர்கள் குழுவை மட்டும் நடத்தலாம். மே மாதத்தில் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயிலில் யாரும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்கள்.